பி மைக்கின் விளக்கு

வயர்லெஸ் மைக் ரிசீவரின் முகப்பில் இரண்டு சிறு விளக்குகள் உண்டு. இடது பக்கம் ஏ, வலது பக்கம் பி. ஏ-க்கான கைமைக் ஆதிராவின் மடியில் கிடந்தது. அவள் இன்னும் அதை ஆன் செய்யவில்லை. ஆகவே ஏ விளக்கு எரியவில்லை. அது சரி. பி-க்கான கைமைக் இந்த வீட்டிலேயே இல்லை. ஆனால் பி விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

அவள் குனிந்து பார்த்தாள். கடுகளவு பச்சை வெளிச்சம். ஹாலின் ட்யூப்லைட் கண்ணாடியில் பட்டு அப்படித் தெரிகிறதோ என்று உள்ளங்கையைக் குவித்து மறைத்தாள். கையின் நிழலுக்குள் அது இன்னும் தெளிவாக எரிந்தது.

தப்பு தன்னுடையதாகத்தான் இருக்கும் என்பது எப்போதுமே ஆதிராவின் முதல் எண்ணம். அடுப்பின் கேஸை மூன்று முறை திருகிப் பார்ப்பவள் அவள். பஸ் நிறுத்தம் வரை போய்விட்டு, வாசலைப் பூட்டினோமா என்று திரும்பி வருபவள். அதனால்தான் நெய்யாற்றின்கரையில் ஒலியமைப்பு மாலை வகுப்பில் சேர்ந்த முதல் நாளே ஒரு நீளமான நோட்டு வாங்கினாள். ஷைலஜா டீச்சர் மலையாளத்தில் சொல்லச் சொல்ல, இவள் தமிழில் எழுதிக்கொள்வாள்: எந்த வயர் எந்தத் துளையில், எதை முதலில் ஆன் செய்வது, எதைக் கடைசியில் அணைப்பது. இன்றைய பக்கத்தில் பதினான்கு வரிகள் இருந்தன. ஒன்பது முடிந்திருந்தது. பத்தாவது வரி: ‘வயர்லெஸ் ரிசீவர் ஆன். இரண்டு விளக்கும் அணைந்திருக்க வேண்டும்.’

அதன் எதிரில் டிக் போட முடியவில்லை. பென்சிலால் எழுதினாள்: ‘மாலை 6.10. பி பச்சை. காரணம்?’

வெளியே ஐப்பசி மழைக்கு வானம் கறுத்துக்கொண்டு வந்தது. பாறசாலைக்கும் உதியன்குளங்கரைக்கும் நடுவே, பெரிய ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிற வீடு. மழைக்கு முந்தைய அந்த அசைவில்லாத நேரத்தில் ரோட்டு லாரிகளின் இரைச்சல்கூட பஞ்சில் சுற்றியதுபோல மெல்லத்தான் வந்தது. பக்கத்து ரப்பர்த் தோட்டத்திலிருந்து புளித்த பாலின் வாடை ஜன்னல் வழியே நுழைந்து, ஹாலில் விரித்துக் கிடந்த வயர்களின் ரப்பர் வாடையோடு கலந்து நின்றது. ஸ்டாண்டுகளில் ஏற்றிய இரண்டு கறுப்பு ஸ்பீக்கர்கள் மூலைக்கு ஒன்றாக, தலைகுனிந்த இரண்டு ஆட்களைப்போல அவளைப் பார்த்து நின்றன. சாப்பாட்டு மேசையில் மிக்சர், லேப்டாப், ரிசீவர். அவளுக்குப் பின்னால், வாசல் பக்கம், மைக் ஸ்டாண்டு. அதை அவள் தன் வாய் உயரத்துக்கு இறக்கி முறுக்கி வைத்திருந்தாள். அதற்கு முன்பு அது அவளைவிட ஒரு முழம் உயர்ந்த ஒருவனுக்காக நின்றது.

எல்லாம் தீபு அண்ணனுடையது. உதியன்குளங்கரை வளைவில் அவனுடைய பைக் சறுக்கி விழுந்து நாற்பத்தைந்து நாள் ஆயிற்று. அதற்கு முன்பே பொழியூர் கிளப்பின் ஆண்டு விழாவுக்கு வருவதாக அவன் வாக்குக் கொடுத்திருந்தான். அந்த விழா நாளை மாலை. அவனோடு சேர்ந்து வேலை செய்த அஜேஷ் நாளைக் காலை பத்து மணிக்கு டெம்போவோடு வருவான். செட் சரியாக வேலை செய்தால் ஆதிரா கூடப் போய் அதை இயக்குவாள். இல்லாவிட்டால் அஜேஷே எடுத்துக்கொண்டு போய்விடுவான்; அதற்கு அவளே சம்மதித்திருந்தாள்.

ரிசீவரின் பெட்டி திறந்தபடி நாற்காலியில் இருந்தது. உள்ளே கறுப்புப் பஞ்சில் கைமைக்கின் வடிவில் இரண்டு பள்ளங்கள். ஒன்றில் வழக்கமாக ஏ இருக்கும். மற்றொன்று காலி.

அந்தக் காலிப் பள்ளத்தைப் பார்க்காமல் இருக்க அவள் ஒரு மாதமாகப் பழகியிருந்தாள்.

அன்று வீட்டு முற்றத்தில் கூடிய கூட்டத்தை ஒதுங்கச் சொல்ல, கூட்டாளி சிஜு பி மைக்கைத்தான் கையில் வைத்திருந்தான். கொல்லையின் தென்மூலையில் குழி தயாராகி, பெட்டியை மூடும் நேரத்தில், அம்மா சிஜுவின் கையிலிருந்து அந்த மைக்கைப் பிடுங்கினாள். அவனுக்க மைக்கு அவனுக்க கூடவே போட்டும் என்றாள். தாணுமாலயன் மாமா சம்மதிக்கவில்லை. அவர்தான் அதற்குச் சற்று முன் தீபுவின் விரல் மோதிரத்தைக் கழற்றியிருந்தார், அரைஞாணை அறுத்திருந்தார், ஓடிக்கொண்டிருந்த கைக்கடிகாரத்தையும் அவிழ்த்திருந்தார். “முழிச்சிருக்க சாமானம் ஒண்ணையும் கூட விடப்பிடாது, விஜயம்மா” என்றார். அம்மா கேட்கவில்லை. கடைசியில் அவர் மைக்கை ஆதிராவிடம் கொடுத்தார். “அப்போ அணச்சுப்போட்டு வை மக்கா. அணச்சுப்போட்டு வை.”

வைத்தது நினைவிருக்கிறது. குளிர்ந்த விரல்களை ஒவ்வொன்றாக மடக்கியது நினைவிருக்கிறது. கட்டைவிரலுக்கு அடியில் அந்தச் சிறு சுவிட்சின் சொரசொரப்பு நினைவிருக்கிறது. அதைக் கீழே தள்ளினாளா?

நினைவில்லை.

நாற்பத்தைந்து நாளாக, பஸ்ஸில், வகுப்பில், சோறு பிசையும்போது, அவளுடைய வலது கட்டைவிரல் தானாக ஒருமுறை கீழே தள்ளிப் பார்த்துக்கொள்கிறது.

அவள் அஜேஷுக்குப் போன் செய்தாள். டீக்கடையில் இருந்தான் போல, பின்னால் தம்ளர்கள் மோதின.

“அஜேஷண்ணா, ஒரு சந்தேகம்.”

“இண்ணைக்கு இது ஏழாவது சந்தேகமாக்கும். சொல்லு.”

“ரிசீவர்ல பி லைட்டு எரியுது.”

தம்ளர்ச் சத்தம் தள்ளிப் போயிற்று. எழுந்து வெளியே வந்திருப்பான்.

“எந்த பி?”

“நம்ம பி.”

“எனக்க பிள்ளே, அது எங்கிணயாவது கல்யாண மண்டபத்துல ஒருத்தன் அதே சானல்ல மைக்கு வச்சிருப்பான். உதியன்குளங்கரையில இண்ணைக்கு ரெண்டு பரிபாடி உண்டு. சானலை மாத்து, போயிரும்.”

“ஒரு தடவை பேட்டரி போட்டா எத்தனை நேரம் நிக்கும்?”

“எட்டு மணிக்கூறு. நல்ல பேட்டரின்னா பத்து. நீ எதுக்கு…” நிறுத்தினான். அவனுடைய குரல் இறங்கியது. “ஆதிரா. நாப்பத்தொண்ணு கழிஞ்சே நாலு நாளாச்சு. அது எப்பமே பொங்கிச் செத்திருக்கும். அணச்சேனா இல்லியான்னு நீ இன்னும் அதையே போட்டு உருட்டிட்டிருக்கியா?”

அவளுடைய கட்டைவிரல் போனின் ஓரத்தை ஒருமுறை கீழே தள்ளியது.

“அணச்சிருப்பே. கேஸை மூணு தடவை அணைக்கவளாக்கும் நீ. சானலை மாத்து. மாத்தினப்பெறவு மைக்கைக் கொண்டு ரிசீவருக்க முன்னே ஒரு சாண் தூரத்துல பிடிக்கணும், கேட்டியா? அப்பந்தான் அது புது சானலை அறியும். பிடிக்காத மைக்கு பேசாது.”

“தெரியும். நோட்டுல உண்டு.”

“உனக்க ஒரு நோட்டு!” சிரித்தான். “பொழியூர்ல கடல் உள்ளே ஏறி வந்தாலும் நீ நோட்டைப் பாத்துட்டுத்தான் ஓடுவே. பேடிக்காண்டாம் மக்கா, ஒரு பயமும் வேண்டாம். பத்து மணிக்கு வாறேன்.”

போனை வைத்ததும் வீடு முன்பைவிட அமைதியாக இருந்தது. பெருங்கடவிளைக்குச் சித்தியைப் பார்க்கப் போன அம்மா ஏழரைக்குள் வந்துவிடுவாள்.

உடனே சானலை மாற்றியிருக்கலாம். ஆனால் டீச்சரின் ஒரு விதி நோட்டின் முதல் பக்கத்திலேயே, இரண்டு கோடு போட்டு, இருந்தது: ‘இரைச்சல் வந்தால் எதையும் தொடுவதற்கு முன் முதலில் கேள். என்ன சத்தம் என்று தெரியாமல் மாற்றினால் எது சரியாயிற்று என்று தெரியாது.’ உதியன்குளங்கரைக் கல்யாண மண்டபத்தின் நாதஸ்வரம் கேட்டால் போதும். பத்தாவது வரிக்கு எதிரே காரணம் எழுதிவிடலாம். கட்டைவிரலும் சும்மா இருக்கும்.

ரிசீவரின் சிறு திரையில் பி-க்கு இரண்டு வரிசை உண்டு. மேல் வரிசை, மைக் எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்று காட்டும் கோடுகள். ஐந்து கோடு என்றால் அதே அறையில். கீழ் வரிசை, மைக்குக்குள் எவ்வளவு சத்தம் போகிறது என்று காட்டும் புள்ளிகள். இப்போது மேலே ஒரு கோடு. கீழே புள்ளி எதுவும் இல்லை.

மிக்சரில் பி-யின் சத்தத்தைக் கூட்டும் ஃபேடரை மெல்ல மேலே தள்ளினாள்.

நாதஸ்வரம் இல்லை. பேச்சு இல்லை. ஸ்பீக்கர்களில் வந்தது ஒரு கனமான மௌனம். தலையணைக்குள் காதைப் புதைத்துக்கொண்டால் கேட்குமே, அதுபோல, நாலு பக்கமும் ஏதோ ஒன்று நெருக்கி அமுக்கிய மௌனம். அதற்குள் எங்கோ நீர் சொட்டியது. வெகுநேரம் கழித்து இன்னொரு சொட்டு. பிறகு எதுவோ நொறுநொறுவென்று உதிர்ந்தது. மரச்சீனி பிடுங்கும்போது கிழங்கோடு எழும்பி மண் உதிருமே, அந்தச் சத்தம்.

கல்யாண மண்டபமாக இருக்கலாம், மைக்கை ஏதாவது பைக்குள் வைத்திருப்பார்கள், என்று அவள் எழுத ஆரம்பித்தாள். பாதி வரியில் அந்தச் சத்தம் வந்தது.

டொக். டொக். பிறகு ஒரு நீண்ட ஊதல்.

பென்சில் நின்றது.

‘மைக்கைத் தட்டக் கூடாது, ஊதக் கூடாது. ஒன்று, இரண்டு, மூன்று என்று சொல்லித்தான் சோதிக்க வேண்டும்.’ இதுவும் நோட்டில் உண்டு. வகுப்பில் டீச்சர் இதைச் சொன்ன அன்று ஆதிரா வீட்டுக்கு வந்து தீபுவிடம் சொன்னாள். அவன், “எட்டி, தட்டாத மைக்கு ஒரு மைக்கா? ஊதினா தான் அதுக்குச் சீவன் வரும்” என்று சொல்லி, அவளுடைய தலையில் விரலால் இரண்டு தட்டுத் தட்டி, காதில் ஊதிவிட்டுப் போனான். எந்தப் பரிபாடியானாலும், எந்த விழாவானாலும் அவன் அப்படித்தான் தொடங்குவான். இரண்டு தட்டு, ஒரு ஊதல். கூட்டம் சேர்ந்து ஊதும்.

எல்லாரும்தான் மைக்கைத் தட்டுகிறார்கள், ஊதுகிறார்கள், என்று ஆதிரா தனக்குச் சொல்லிக்கொண்டாள். ஊரில் யார்தான் தட்டுவதில்லை. இதை நோட்டிலும் எழுதினாள். எழுத்து கோணிப் போயிற்று.

மழை ஆரம்பித்தது.

முதலில் ஸ்பீக்கரில்தான் ஆரம்பித்தது. அகன்ற இலைகளின் மேல் பெரிய துளிகள் பொத்துப் பொத்தென்று விழுந்தன. அவள் ஜன்னலைப் பார்த்தாள். முன்பக்க முற்றம் உலர்ந்தே இருந்தது. கொஞ்ச நேரத்தில் அங்கும் துளிகள் விழத் தொடங்கின, சிட்டவுட் திண்ணையின் ஓரச் சிமெண்டு புள்ளிபுள்ளியாகக் கறுத்தது. தெற்கிலிருந்து வருகிற மழை. அது முதலில் தென்மூலையில் விழும். அங்கே வாழை நிற்கிறது.

இடி இடித்தது. ஸ்பீக்கரிலும் இடித்தது. இரண்டும் ஒன்றாக இல்லை. ஸ்பீக்கரில் ஒரு கண்ணிமைப்பு முன்னால் கேட்டது.

இரண்டு கோடு.

பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. வழக்கமான குரைப்பு அல்ல. மூச்சு விடாமல், பின்வாங்கிக்கொண்டே குரைக்கும் குரைப்பு. அது ஸ்பீக்கரிலும் கேட்டது, வெளியிலும் கேட்டது. பிறகு ஸ்பீக்கரில் மட்டும் அது மிகப் பக்கத்தில் கேட்டது. பிறகு ஒரு கேவல். நாய் நிறுத்திவிட்டது.

ஃபேடரை இறக்க வேண்டும். அவளுடைய விரல் அதன் மேல்தான் இருந்தது. ஆனால் இறக்கிவிட்டால் அது எங்கே இருக்கிறது என்று தெரியாமல் போய்விடும். இப்போது குறைந்தபட்சம் தெரிகிறது. ‘அது’ என்று தான் நினைத்துவிட்டதை அவள் கவனித்தாள்.

ஸ்பீக்கரில் மழையின் சத்தம் மாறியது. இலைச் சத்தம் போய், தகரத்தில் கொட்டும் சத்தம். வீட்டின் பின்னால், துணி துவைக்கிற கல்லுக்கு மேலே மட்டும்தான் தகரம் உண்டு.

மூன்று கோடு.

அவள் நோட்டைப் புரட்டினாள். எதற்கென்று தெரியாமல் புரட்டினாள். ஒரு பக்கத்தில் கண் நின்றது. ‘திறந்த மைக்கும் ஸ்பீக்கரும் ஒரே அறையில் இருந்தால், சத்தம் சுற்றிச் சுற்றி வந்து கூவும். மைக் வேறு அறையில் இருந்தால் கூவாது.’ அதை விரலால் தொட்டு மறுபடி வாசித்தாள். கூவவில்லை. இன்னும் கூவவில்லை. அப்படியானால் ஹாலில் இல்லை.

தகரத்தின் சத்தம் மங்கியது. மழை தூரமாயிற்று, சுவருக்கு அப்பால் போனதுபோல. அதற்குப் பதிலாக ஒரு ரீங்காரம். கிர்ர்ர் என்று ஓடி, இடையிடையே ஒரு தட்டு தடதடக்கும் ரீங்காரம். அந்தத் தடதடப்பை அவளுக்குத் தெரியும். அடுக்களை ஃபிரிட்ஜின் அடித்தட்டு. அதற்கு அட்டை மடித்து வைக்க வேண்டும் என்று அம்மா தினமும் சொல்கிறாள்.

நான்கு கோடு.

அடுக்களை வாசலில் திரைச்சீலை தொங்கியது. அசையவில்லை. அதற்குப் பின்னால் ஃபிரிட்ஜ் ஓடுவது காதிலும் கேட்டது, ஸ்பீக்கரிலும் கேட்டது. ஸ்பீக்கரில் அதனோடு இன்னொன்றும் கேட்டது. ஈரமான ஒன்று தரையில் ஊன்றி எழும் சத்தம். ஒன்று. நின்றது. இன்னொன்று.

அவள் ரிசீவரின் பொத்தானை அமுக்கினாள். விரல் வழுக்கியது. மறுபடி அமுக்கினாள். திரையில் எண்கள் ஓடின. சானல் மாறியது.

பி அணைந்தது.

ஸ்பீக்கர்கள் ஒரு சிறு சொடுக்கோடு ஊமையாயின. கோடுகள் இல்லை. புள்ளிகள் இல்லை. மழையின் சத்தம் மழை பெய்கிற இடத்திலிருந்து மட்டும் வந்தது.

போன் அடித்தபோது அவள் கிட்டத்தட்டக் கத்திவிட்டாள்.

“மக்களே, நான் உதியன்குளங்கரையில நிக்குதேன்” என்றாள் அம்மா. “என்ன மழைடி இது. ஆட்டோ ஒண்ணும் வரமாட்டேங்குது. நீ சாயா குடிச்சியா?”

“இல்லம்மா.”

“பின்ன என்னதான் செஞ்சிட்டிருக்கே? அடுக்களையில அவலு நனைச்சு வச்சிருக்கேன், அதைத் தின்னு. பெறவு பின்கதவு கொண்டி போட்டிருக்கான்னு பாரு. காத்தடிச்சா தெறக்கும்.”

அம்மாவின் குரலுக்குப் பின்னால் லாரிகள், ஹாரன்கள், ஜனங்களின் இரைச்சல். அந்தச் சத்தம் ஆதிராவுக்குத் தைரியம் கொடுத்தது. போனைக் காதில் வைத்தபடியே எழுந்து போய்த் திரைச்சீலையை ஒதுக்கினாள். அடுக்களை அடுக்களையாகவே இருந்தது. பின்கதவு உள்பக்கம் கொண்டி போட்டிருந்தது. தரை காய்ந்திருந்தது. ஃபிரிட்ஜ் தடதடத்தது.

“போட்டிருக்கும்மா.”

“செரி. இந்நா வாறேன்.”

போனை வைத்துவிட்டு ஒரு அட்டையை மடித்து ஃபிரிட்ஜுக்கு அடியில் சொருகினாள். தடதடப்பு நின்றது. பைத்தியக்காரி என்று தன்னையே சொல்லிக்கொண்டாள். எல்லா வீட்டிலும் ஃபிரிட்ஜ் ஓடுகிறது. எல்லா வீட்டிலும் தகரம் உண்டு, நாய் உண்டு. ஏதோ ஒரு வீட்டில் ஒருவன் மைக்கை ஆன் செய்தபடி மழையில் சாமான் எடுத்து வைத்திருக்கிறான். சானல் மாறியதும் போய்விட்டான். அஜேஷண்ணன் சொன்னதுபோலத்தான். அந்த பி மைக்கே எழுந்து வந்திருந்தாலும்கூட, புது சானலை அது அறியாது. ரிசீவருக்கு ஒரு சாண் முன்னால் கொண்டுவந்து யாராவது பிடித்தால்தான் அறியும்.

ஹாலுக்கு வந்து, ஏ மைக்கை ஆன் செய்து, ரிசீவருக்கு முன்னால் ஒரு சாண் தூரத்தில் பிடித்தாள். ஏ விளக்கு இரண்டு முறை சிமிட்டி எரிந்தது. “ஒன்று, இரண்டு, மூன்று” என்றாள். அவளுடைய குரல் இரண்டு மூலையிலிருந்தும் கரகரப்பில்லாமல், வட்டமாக, வேறு யாரோ தைரியமான பெண்ணின் குரல்போல வந்தது. முதல்முறையாக எல்லாம் சேர்ந்து வேலை செய்தது. நாளை பொழியூரில் நூறு பேருக்கு முன்னால் இதே குரல் இப்படித்தான் கேட்கும். ஆதிரா சிரித்தாள். சிரித்ததும் கண் நிறைந்தது.

ஏ மைக்கை அணைத்தாள். அணைந்ததா என்று சுவிட்சைப் பார்த்தாள். மேலே தள்ளினால் பச்சைப் பட்டை தெரியும். கீழே தள்ளினால் அதே இடத்தில் வெள்ளை. வெள்ளை. மறுபடி பார்த்தாள். வெள்ளை. மைக்கை மடியில் வைத்துக்கொண்டு எழுதினாள்: ‘7.05. பி அணைந்தது. காரணம்: வேறு யாருடைய சானலோ. ஏ சரி.’ பத்தாவது வரிக்கு டிக் போட்டாள்.

மின்னல் ஜன்னலை வெள்ளையாக்கியது. கரண்டு போயிற்று.

இருட்டு. ஸ்பீக்கர்கள் தொப்பென்று அடங்கின. ஃபிரிட்ஜ் நின்றது. மழை மட்டும். அவள் மேசையில் போனைத் தடவினாள். வயர். பென்சில். வயர்.

ஒரு வாடை வந்தது. முதலில் அவள் அதை மழை வாடை என்றே எடுத்துக்கொண்டாள். ஆனால் மழை வாடை மேல்மண்ணின் வாடை. இது ஆழத்து மண். வெயிலே படாத செம்மண்ணை வெட்டிக் குவித்த அன்று முற்றம் முழுக்க நின்ற வாடை. அதில் கொஞ்சம் வாடிய பிச்சிப்பூ.

அது அவளுடைய வலப்பக்கமாகக் கடந்து போயிற்று. மேசையருகே நின்றது. ரிசீவர் இருக்கும் இடத்தில்.

ஈரமாக ஒன்று மேசையில் சொட்டியது.

பிறகு அவளுக்குப் பின்னால் போயிற்று.

அவள் திரும்பவில்லை. அசையவில்லை. முதுகுக்குப் பின்னால், வாசல் பக்கம், ஒரு திருகு கிரீச்சிட்டது. அந்தச் சத்தம் அவளுக்குத் தெரியும். இன்று மாலை அவளே இறுக்கிய திருகு. அது தளர்ந்தது. இரும்புக்குழாய் ஒன்று இன்னொன்றுக்குள்ளிருந்து சர்ர்ரென்று மேலே ஏறியது. ஏறிக்கொண்டே இருந்தது. நின்றது. திருகு மறுபடி இறுகியது.

கரண்டு வந்தது.

ட்யூப்லைட் சிமிட்டியது. ஸ்பீக்கர்கள் விழித்தன. ரிசீவரின் திரையில் எண்கள் ஓடி நின்றன. ஏ இருட்டு. மைக் மடியில் இருக்கிறது. அணைந்திருக்கிறது.

பி பச்சை.

ஐந்து கோடு.

ரிசீவருக்கு முன்னால், ஒரு சாண் தூரத்தில், மேசையின் மேல் செந்நிறமாக நாலைந்து சொட்டு.

அப்போது கூவத் தொடங்கியது. மெல்லிய ஊசிபோல, இரண்டு மூலையிலிருந்தும். பருத்தது. உயர்ந்தது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. பி-யின் ஃபேடர் மேலேயே இருந்தது, அவள் அதை இறக்கவே இல்லை. பதினான்கு வரியில் அதை எழுத மறந்திருந்தாள். கை பாய்ந்தது. இறக்கினாள்.

அமைதி.

ஆனால் திரையில் கீழ் வரிசையில் புள்ளிகள் இருந்தன. ஏறின. இறங்கின. ஏறின. அவள் மூச்சை அடக்கினாள். ஏறின. இறங்கின. அவளுடைய மூச்சு இல்லை.

ஆதிரா திரும்பினாள்.

மைக் ஸ்டாண்டு இருந்த இடத்திலேயே இருந்தது. அவளுடைய வாய் உயரத்தில் அல்ல. ஒரு முழம் மேலே. அந்த உயரத்தில், பிடியில், ஒரு கைமைக். அதன் வலைத் தலை முழுக்கச் செம்மண் அப்பியிருந்தது. மண்ணில் வேர்கள் முளைத்திருந்தன, வெள்ளையாக, நூல்நூலாக. நீர் தண்டின் வழியே இறங்கி ஸ்டாண்டின் அடியில் குட்டையாகத் தேங்கியது. ஸ்டாண்டுக்குப் பின்னால் யாரும் இல்லை. சாத்திய வாசற்கதவு மட்டும்.

அவளுடைய கண் சுவிட்சுக்குப் போயிற்று. போகாமல் இருக்க முடியவில்லை. மண் அந்த ஒரு இடத்தில் மட்டும் துடைபட்டிருந்தது, கட்டைவிரல் அகலத்துக்கு.

வெள்ளை.

கீழே தள்ளியிருந்தது. அணைத்துத்தான் வைத்திருந்தாள்.

அவள் மேசைப் பக்கம் திரும்பினாள். ரிசீவரின் திரையில் பி-யின் புள்ளி வரிசை அசைந்தது. சத்தமே இல்லாமல் ஒருமுறை குதித்தது. இன்னொருமுறை குதித்தது. பிறகு மெல்ல மெல்ல நீண்டு ஏறியது. அது ஏறிக்கொண்டிருக்கும்போதே அவளுடைய வலது காதோரத்து முடி விலகியது, காதுக்குள் குளிர்ந்த மண்வாடைக் காற்று நீளமாக ஊதியது.